பழைய அரசுக் கட்டடங்களின் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

சென்னையின் சேப்பாக்கம் அரண்மனை 1768ஆம் ஆண்டைச் சேர்ந்தது. செனட் இல்லம் 1879இல் கட்டி முடிக்கப்பட்டது. உயர் நீதிமன்றக் கட்டடம் 1892இலும், கன்னிமாரா நூலகம் 1896இலும், ரிப்பன் மாளிகை 1913இலும் பயன்பாட்டுக்கு வந்தன. இந்தப் பெயர்பெற்ற கட்டடங்களைத் தவிர, மாவட்டத் தலைநகரங்களிலும் வட்டத் தலைநகரங்களிலும் நூறாண்டைக் கடந்த நீதிமன்றங்கள், பதிவு அலுவலகங்கள், பள்ளிகள், மருத்துவமனைத் தொகுதிகள் எனப் பலவும் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, தேக்கு உத்திரம், கட்டைக்குத்துக் கூரை (மரச்சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்திய கூரை) என்ற கட்டுமான முறையே இவற்றில் பெரும்பாலும் காணப்படுகிறது. ஆகவே இவற்றில் தோன்றும் கோளாறுகளும் ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருக்கின்றன. இத்தகைய கட்டடத்தைப் பராமரிக்கும் உதவிப் பொறியாளருக்கும், அதில் அமர்ந்து பணியாற்றும் அலுவலகப் பொறுப்பாளருக்கும் பயன்படும் வகையில் இவ்வழிமுறை எழுதப்படுகிறது.

எந்த அறிகுறியைப் பார்ப்பதற்கு முன்பும் ஒன்றை மனத்தில் நிறுத்த வேண்டும். சுண்ணாம்புக் கட்டடம் ஈரத்தை உறிஞ்சி, பின்னர் அதை வெளிக்காற்றுக்கு விட்டுவிடும் இயல்புடையது. உள்ளே வரும் நீர் அளவோடு இருந்து, வெளியேறும் வழியும் திறந்திருந்தால் அது நூற்றாண்டுகள் நிற்கும். நீர்வரத்து மிகும்போதோ, வெளியேறும் வழி சிமெண்ட்டாலும் பிளாஸ்டிக் வண்ணப்பூச்சாலும் அடைபடும்போதோதான் அது நோயுறுகிறது. கறை தெரியும் இடமும் நீர் நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. எனவே நீரின் வழியைக் கண்டறிந்து குறித்துக்கொள்ளாமல் எந்தப் பழுதுபார்ப்புக்கும் மதிப்பீடு தயாரிக்கக் கூடாது.

ஆய்வுக்கு முன் செய்ய வேண்டியவை

கட்டடத்தின் தரைப்படத்தை வரைந்து, ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு சுவருக்கும் எண் கொடுக்க வேண்டும். "மாடியில் கிழக்குப் பக்க அறையில் கசிவு" என்ற குறிப்பு மூன்று ஆண்டுகளுக்குப் பின் வருபவருக்கு எதையும் சொல்லாது, "அறை 14, வடக்குச் சுவர், மேற்கு மூலையிலிருந்து 1.2 மீட்டர், கூரை மட்டத்தில்" என்ற குறிப்பு சொல்லும். ஒளிப்படம் எடுக்கும்போது அளவுகோல் ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து எடுக்க வேண்டும். தேதியும் இருக்க வேண்டும்.

சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. ஆகவே ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் ஒரு முறையும், மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒரு முறையும், மழை ஓய்ந்த சனவரியில் ஒரு முறையும் ஆய்வு நடத்துவது நல்லது. இவற்றுள் இரண்டாவதைப் பலரும் தவிர்க்கிறார்கள். ஆனால் குடையோடு மொட்டைமாடியில் அரைமணி நேரம் நின்று, நீர் எங்கே தேங்குகிறது, எந்தத் தூம்பு வாய் (மழைநீர் வெளியேறும் துளை) விழுங்காமல் திணறுகிறது, கைப்பிடிச் சுவரின் எந்தப் பக்கம் நீர் வழிகிறது என்று பார்ப்பது, கோடையில் செய்யும் பல ஆய்வுகளைவிட அதிகம் கற்றுத்தரும்.

அறிகுறி: கூரையின் அடிப்பக்கத்தில் நீர்க்கறை அல்லது சொட்டு

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கறை எப்போது நனைகிறது என்பதாகும். மழை தொடங்கிய சில நிமிடங்களிலேயே சொட்டுகிறது என்றால் நேரடியான திறப்பு ஒன்று இருக்கிறது. தூம்பு வாயின் சுற்றுப்புறத்தையும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையையும் பார்க்க வேண்டும். மழை நின்று பல மணி நேரம் கழித்துத்தான் ஈரம் தெரிகிறது என்றால், தளத்தின் அடுக்குகள் நீரைத் தேக்கி வைத்து மெல்ல விடுகின்றன என்று பொருள். மழையே இல்லாத நாளில் நனைகிறது என்றால் குளிர்சாதனத்தின் வடிநீர்க் குழாய், மாடியில் வைத்த பிளாஸ்டிக் தொட்டி, சுவருக்குள் பதித்த குடிநீர்க் குழாய் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். அலுவலகத்தில் நாள்தோறும் இருக்கும் பணியாளரிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் சரியான விடை கிடைக்கும். அவர் சொல்வதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்து மேலே செல்ல வேண்டும். கட்டைக்குத்துக் கூரையில் உத்திரங்களின்மேல் மரச்சட்டங்கள் நெருக்கமாகப் போடப்பட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்கள் மூலைவாட்டில் குத்தாக நிறுத்தப்பட்டுச் சுண்ணாம்பால் பிணைக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, மரக்கட்டையால் பல நாள் அடித்து இறுக்கிய படுகையும், அதன்மேல் தட்டோடும் இருக்கும். இதில் தட்டோட்டின் இணைப்புகள் திறந்திருக்கின்றனவா, தளத்தின் சரிவு மாறிப் பள்ளம் விழுந்திருக்கிறதா, குளிர்சாதன வெளி அலகையோ சூரிய மின்தகட்டையோ நிறுத்துவதற்காகத் தளத்தில் துளையிட்டுப் போல்ட் இறக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது அண்மைக்காலத்தில் அடிக்கடி காணப்படும் காரணம்; ஒரே ஒரு போல்ட் துளை வழியாக இறங்கும் நீர் ஒரு சட்டத்தின் முழு நீளத்தையும் நனைத்துவிடும்.

தளத்தின் கனத்தையும் அளந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு கசிவுக்கும் பழைய படுகையின்மேல் புதிய படுகை ஏற்றிவந்த கட்டடங்கள் ஏராளம். 100 மில்லிமீட்டர் கனத்துக்குச் செங்கல் ஜல்லிப் படுகை ஏற்றினாலே ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 180 முதல் 200 கிலோ வரை எடை கூடுகிறது. அந்த எடையை அடியில் இருக்கும் மரமே தாங்குகிறது. தூம்பு வாய் தளமட்டத்துக்குக் கீழே குழியாகத் தெரிந்தாலோ, கைப்பிடிச் சுவர் இயல்புக்கு மாறாகக் குட்டையாக இருந்தாலோ தளம் உயர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

சரிசெய்யும் முறை: தூம்புகளைத் துப்புரவு செய்து, உடைந்த மழைநீர்க் குழாயை மாற்றி, ஒரு மழைக்குப் பின் மீண்டும் பார்க்க வேண்டும். பல கட்டடங்களில் இத்துடன் கசிவு நின்றுவிடுகிறது. நிற்காவிட்டால் பின்னாளில் ஏற்றிய அடுக்குகளை மட்டும் கையால் எடுத்துவிட்டு, சுண்ணாம்புப் படுகையையும் தட்டோட்டையும் சரிவு பார்த்து மீண்டும் போட வேண்டும். இயந்திர உடைப்பான் பயன்படுத்தக் கூடாது. அதன் அதிர்வு குத்துக்கற்களைத் தளரச் செய்துவிடும். தார் பூசிய நீர்த்தடுப்புத் தாளை ஒட்டுவதும் சிமெண்ட் தளம் போடுவதும் மேலிருந்து வரும் நீரைச் சில ஆண்டுகள் தடுக்கக்கூடும். ஆனால் விளிம்பில் ஒரு சிறு பிளவு ஏற்பட்டால் போதும், உள்ளே போன நீர் மேலே ஆவியாக வழியின்றி மரத்தையே நாடும். அந்த மரம் இற்றுப்போவது கீழே இருப்பவர் கண்ணுக்கும் தெரியாது.

அறிகுறி: கூரை தொய்ந்திருக்கிறது, செங்கல் துண்டு விழுகிறது, மரத்தூள் உதிர்கிறது

இங்கே முதல் செயல் ஆய்வன்று. அந்த அறையிலிருந்து ஆட்களை வெளியேற்றி, உத்திரத்துக்கு அடியில் முட்டுக் கொடுப்பதே முதல் செயல். முட்டின் கால் கீழ்த்தளத்தின் மரக்கூரையில் நிற்குமானால், அந்தத் தளத்துக்கும் அடியில் முட்டுக் கொடுத்து, சுமையைத் தரை வரை கொண்டு சேர்க்க வேண்டும்.

அதன்பின் மரத்தைப் பார்க்கலாம். உத்திரத்தின் நடுப்பகுதி திடமாகத் தெரிந்தாலும் நம்பக் கூடாது. அது இற்றுப்போவது பெரும்பாலும் சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான். சுவரை ஒட்டிய இடத்தில் கூரிய குத்தூசியை மரநாருக்குக் குறுக்காக அழுத்த வேண்டும். நல்ல தேக்கில் ஊசி ஓரிரு மில்லிமீட்டரில் நின்றுவிடும். இற்ற மரத்தில் சிரமமின்றி உள்ளே போய், வெளியே எடுக்கும்போது ஈரமான பழுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். மரச்சுத்தியலால் தட்டும்போது எழும் ஒலியும் உதவும். திடமான இடத்தில் கணீரென்றும், உள்ளீடற்ற இடத்தில் மொத்தையாகவும் கேட்கும். சுவரில் மண் குழாய்கள் ஏறியிருந்தால் கரையான் தரையோடு தொடர்பு வைத்திருக்கிறது. அந்தக் குழாயைத் தரை வரை தொடர்ந்து சென்று பார்க்காமல் மரத்துக்கு மட்டும் மருந்தடித்துப் பயனில்லை. கரையான் புகுந்த இடத்தில் ஈரமும் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலும் ஈரந்தான் அதை அழைத்து வருகிறது.

மேல்தளத்தின் சுமையையும் கணக்கிட வேண்டும். இந்தியத் தர நிர்ணய விதி 875, பொது அலுவலக அறைக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன் (ஏறத்தாழ 250 கிலோ எடை) சுமையும் கோப்பு வைப்பறைக்கு 5 கிலோநியூட்டனும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. அலுவலகமாகக் கட்டப்பட்ட மாடியறை காலப்போக்கில் ஆவண அறையாக மாறி, கூரை உயரத்துக்கு இரும்பு அலமாரிகள் வரிசை கட்டி நிற்பதை எங்கும் காணலாம். மரத்தில் ஒரு குறையும் இல்லாதபோதும் தொய்வு இருக்குமானால், கோப்புகளைத் தரைத்தளத்துக்கு மாற்றுவதே முதல் பழுதுபார்ப்பு ஆகும். அதற்கு மதிப்பீடும் ஒப்பந்தப்புள்ளியும் தேவையில்லை.

இற்றுப்போனது முனை மட்டும் என்றால் முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்ட பகுதியை அறுத்து, அதே வகைப் பழந்தேக்கை இணைப்புப் போட்டுச் சேர்க்கலாம். அல்லது இருபுறமும் எஃகுத் தகடு வைத்து முடுக்கலாம். மீண்டும் சுவருக்குள் வைக்கும்போது முனையைச் சுற்றிக் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட வேண்டும். கொத்தனார்கள் அதைச் சிமெண்ட் கலவையால் நிரப்பிவிடாமல் உடனிருந்து பார்த்துக்கொள்வது அவசியம்.

அறிகுறி: சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூக்கிறது, பூச்சு பொரிந்து உதிர்கிறது

ஈரத்தின் மேல்விளிம்பு சுவர் முழுவதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவில் நின்றால் அது நிலத்திலிருந்து ஏறும் ஓதம். திட்டுத்திட்டாகவோ, ஒரு மூலையில் மட்டுமோ இருந்தால் குழாய்க் கசிவு அல்லது உடைந்த மழைநீர்க் குழாய். சுவரின் வெளிமுகத்தில் மட்டும், முழங்கால் உயரத்துக்குச் சேறு தெறித்த அடையாளத்தோடு இருந்தால் தரையில் விழுந்து தெறிக்கும் மழைநீர்.

ஓதம்தான் என்று தெரிந்தபின், கட்டடத்துக்கு வெளியே சென்று தரைமட்டத்தைப் பார்க்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் நான்கு படி ஏறி நுழைந்த கட்டடத்தில் இன்று ஒரு படியே மிஞ்சியிருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. சாலையும் வளாகத் தரையும் ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் உயர்ந்து, பீடமட்டத்தின் (கட்டடம் நிற்கும் அடிமேடையின்) காற்றுத் துளைகளை மூடி, கடைசியில் சிமெண்ட் பாளங்கள் சுவர் வரை ஒட்டிப் பதிக்கப்பட்டு, மண்ணின் ஈரம் வெளியேற ஒரே வழியாகச் சுவர் மட்டும் எஞ்சிவிடுகிறது. உள்ளே அழகுக்காக இடுப்பளவு கிரானைட் ஒட்டியிருந்தால் ஈரம் அதற்கும் மேலே ஏறித் தலைகாட்டும். அதைக் கண்டு கிரானைட்டை இன்னும் உயர்த்தி ஒட்டிய அலுவலகங்களும் உண்டு. அது கோளாற்றை ஒரு மாடி மேலே தள்ளும் வேலையே.

மின்தடையை அளக்கும் ஈரமானிகளை இங்கே நம்பிவிடக் கூடாது. உப்பு ஊறிய சுவர் உலர்ந்திருந்தாலும் அவை ஈரம் என்றே காட்டும். சுவரின் உள்ளிருந்து சாந்துத் துகளைத் துளையிட்டு எடுத்து, உடனே எடைபோட்டு, உலர்த்தி மீண்டும் எடைபோடுவது எளிய, உறுதியான சோதனை.

சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முதலில் வெளித்தரையைப் பழைய மட்டத்துக்கு வெட்டி இறக்க வேண்டும். அது இயலாவிட்டால் சுவரை ஒட்டிய பாளங்களை எடுத்து, வடிகால் அமைத்துச் சல்லி நிரப்ப வேண்டும். பிறகு சிமெண்ட் பூச்சையும் கிரானைட்டையும் நீக்க வேண்டும். அதன்பின் ஒரு கோடை முழுவதும் சுவரைத் திறந்தே விட வேண்டும். உலர உலர உப்பு வெளியே வந்து படியும். அதை நீரால் கழுவாமல், உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ள வேண்டும், ஏனெனில் கழுவினால் அது மீண்டும் உள்ளே போய்விடும். கடைசியாகச் சுண்ணாம்புப் பூச்சு. அந்த முதல் பூச்சு எஞ்சிய உப்பை ஏற்றுக்கொண்டு சில ஆண்டுகளில் உதிரும் என்பதை மதிப்பீட்டிலேயே எழுதி வைத்தால், உதிரும்போது அது குறைபாடான வேலை என்று தணிக்கையில் கேள்வி எழாது. மணல் ஆற்றுமணலாகவோ நன்கு கழுவிய மணலாகவோ இருக்க வேண்டும். உப்புள்ள மணலைப் போட்டால் நாமே நோயைக் கொடுத்தவர்களாவோம்.

அறிகுறி: சுவரில் அல்லது வளைவில் விரிசல்

பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசலையும் சுவரைப் பிளக்கும் விரிசலையும் முதலில் பிரித்தறிய வேண்டும். உள்முகத்தில் தெரியும் விரிசல் அதே இடத்தில் வெளிமுகத்திலும் தெரிகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 5 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள விரிசல் பொதுவாகச் சிறியது. அது 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் கட்டமைப்புப் பொறியாளர் வராமல் எதையும் தொடக் கூடாது. ஆயினும் அகலத்தைவிட, அது வளர்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. விரிசலின் குறுக்கே பூச்சைச் சுரண்டி, சுவர்க்கல்லின்மேலேயே மெல்லிய கண்ணாடிப் பட்டையைச் சாந்தால் பதித்து, பக்கத்தில் தேதியை எழுத வேண்டும். பூச்சின்மேல் ஒட்டினால் பூச்சு பெயர்வதைத்தான் அது காட்டும். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. எவ்வளவு நகர்கிறது என்று அறிய, இருபுறமும் ஆணி பதித்து அவற்றின் இடைவெளியை மாதம் ஒருமுறை அளக்க வேண்டும்.

ஓராண்டாவது அளந்தால்தான் பருவத்தோடு திறந்து மூடும் விரிசலையும், ஒரே திசையில் வளர்ந்துகொண்டே போகும் விரிசலையும் பிரிக்க முடியும். களிமண் நிலத்தில் நிற்கும் கட்டடத்தில் கோடையில் விரிசல் அகன்று மழையில் சுருங்குவது இயல்பு. ஒரே திசையில் வளர்ந்தால் அஸ்திவாரத்துக்கு அருகே உடைந்த கழிவுநீர்க் குழாய், பக்கத்து மனையில் தோண்டும் ஆழமான பள்ளம், அங்கே இடைவிடாது இறைக்கப்படும் நிலத்தடி நீர், அருகில் செல்லும் சுரங்கப்பாதைப் பணி ஆகியவற்றைத் தேட வேண்டும். பக்கத்தில் பெரிய கட்டுமானம் தொடங்கப்போகிறது என்று தெரிந்த அன்றே விரிசல் பதிவைத் தொடங்கிவிடுவது அறிவுடைமை. பின்னால் இழப்பீடு கேட்க அதுவே சான்றாக நிற்கும்.

வளைவின் உச்சியில் விரிசல் விழுந்தால் நோய் உச்சியில் இல்லை. தாங்கும் தூண்கள் வெளிநோக்கி விலகியிருக்கின்றன. தூண்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் பிணைப்புக் கம்பி இருந்த அடையாளம் உண்டா, வாசலை அகலப்படுத்த யாரேனும் அதை அறுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வளர்ச்சி நின்ற விரிசலைச் சுண்ணாம்புக் கூழ் செலுத்தியும், உடைந்த செங்கற்களை மாற்றிக் கோத்தும் அடைக்கலாம். சிமெண்ட் கூழ் செலுத்தினால் சுவரின் நடுவே கடினமான பாளம் ஒன்று உருவாகி, அடுத்த விரிசல் அதன் பக்கத்தில் விழும்.

அறிகுறி: சுவரில் ஆலஞ்செடி, அரசஞ்செடி

பிடுங்கக் கூடாது; வேரோடு செங்கல்லும் வரும். தண்டை அடியோடு வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் பட்டுப்போன பின்னரே சாந்தைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்பால் இணைப்புகளை நிரப்ப வேண்டும். செடி முளைத்த இடத்தில் ஈரம் தங்குகிறது என்பதையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

அறிகுறி: இரும்பு உத்திரத்தின் அருகே சுவர் வெடிக்கிறது

இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும். அந்த அழுத்தத்தைக் கருங்கல்லும் தாங்காது. மேலே பூசி மறைப்பது பயன்தராது. திறந்து, துருவை உலோகம் தெரியும் வரை நீக்கி, எஞ்சிய கனத்தை அளந்து, துருத்தடுப்புப் பூச்சு இட்டு, நீர் வரும் வழியை அடைத்த பிறகே மூட வேண்டும்.

அறிகுறி: புதிதாகப் போட்ட பூச்சு பாளம் பாளமாகப் பெயர்கிறது

பெயர்ந்த பாளத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதில் செங்கல்லின் மேற்பரப்பே சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், பூச்சு சுவரைவிட வலிமையாக இருந்து சுவரையே உரித்திருக்கிறது. பூச்சு சுவரைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டடங்களின் விதி. சிமெண்ட்டை நீக்கி, நீரில் நன்கு நீறி முதிர்ந்த சுண்ணாம்பும் மணலும் செங்கல் தூளும் சேர்த்துப் பூசி, மெல்லிய அடுக்குகளாக ஈரம் காத்து உலர விட வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளை அடிக்கலாம்; பிளாஸ்டிக் வண்ணம் வேண்டாம். நிதியாண்டு முடிவதற்குள் செலவிட வேண்டும் என்று மார்ச் மாதத்தில் அவசரமாக அடிக்கப்படும் வண்ணம், கண்ணுக்கு நன்றாக இருந்தாலும் சுவருக்குத் தீங்கு செய்கிறது.

அறிகுறி: மின்பலகை சூடாகிறது, கருகிய வாடை வருகிறது

அந்த இணைப்பை உடனே துண்டிக்க வேண்டும். சென்னையின் மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதியான கலச மகால் 2012 சனவரியில் எரிந்து, பின்னர் பெரும் முயற்சியால் மீட்டெடுக்கப்பட்டது. மரக்கூரையும் காகிதக் கோப்பும் சேர்ந்த கட்டடத்தில் தீ பிடித்தால் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பொய்க்கூரைக்கு மேலே ஓடும் பழைய கம்பிகளையும், மின்விசிறிக்காகப் போட்ட இணைப்பில் பின்னாளில் மாட்டிய குளிர்சாதனங்களையும் ஆண்டுதோறும் தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும்.

கண்டறிந்தவற்றை வரிசைப்படுத்துதல்

ஆய்வு முடிந்ததும் ஒவ்வொரு பதிவையும் மூன்றில் ஒரு பிரிவில் சேர்க்க வேண்டும்: உயிருக்கு ஆபத்து இருப்பதால் இன்றே செய்ய வேண்டியவை, அடுத்த பருவமழைக்கு முன் முடிக்க வேண்டியவை, கண்காணித்தால் போதுமானவை. மூன்றாம் பிரிவில் எழுதத் தயங்க வேண்டியதில்லை. நூறாண்டாக அசையாமல் நிற்கும் சாய்ந்த சுவரை நிமிர்த்த முயல்வதைவிட அதை அளந்துகொண்டிருப்பதே பல நேரங்களில் சரியான முடிவு.

மதிப்பீட்டில் சுண்ணாம்பு நீற்றுவதற்கான நாட்களையும், படுகை அடிப்பதற்கான ஆட்கூலியையும், மாதிரிப் பூச்சு ஒன்றைப் போட்டுப் பார்க்கும் செலவையும் தனித்தனி இனங்களாகக் காட்ட வேண்டும். இவை இல்லாத மதிப்பீட்டை எடுத்த ஒப்பந்ததாரர், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், சிமெண்ட்டுக்குத்தான் போவார். பணி முடிந்த பின் வரும் சனவரியில் அதே அறை எண்ணில், அதே கோணத்தில் மீண்டும் ஒளிப்படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும். கறை பரவாமலும், கண்ணாடிப் பட்டை உடையாமலும் இரண்டு பருவமழைகள் கடந்த பிறகே அந்தப் பதிவை முடிந்தது என்று குறித்துக் கையொப்பமிடலாம்.